போர்ச்சுகலின் லாகோஸ்: விடுமுறைக்குச் செல்வோருக்கு ஒரு மதிப்புரை

போர்ச்சுகலின் தென்கோடியில், அல்கார்வ் பகுதியில் உள்ள லாகோஸ் நகரத்துக்குச் செல்வோர் தங்கள் நாள்களைப் பெரும்பாலும் கடலுக்கே ஒதுக்கிவிடுகிறார்கள். பொந்தா த பியெதாத் முனையில் பொன்னிறச் சுண்ணாம்புப் பாறைகளைக் குடைந்து அலைகள் உண்டாக்கியிருக்கும் குகைகளும் வளைவுகளும் அதற்குத் தகுதியானவைதாம். ஆற்றோரச் சாலையில் படகுச் சீட்டு வாங்கும்போது, பெரிய படகுகள் குகைகளுக்குள் நுழைய முடியாமல் வெளியே நின்றுவிடும் என்பதால், சிறு படகையே கேட்டு வாங்குங்கள். கடல் அமைதியாக இருக்கும் காலை வேளையே நல்லது. கோடையிலும் நீர் சில்லென்றுதான் இருக்கும்.

ஆனால் இந்த நகரத்தில் ஒரு முற்பகல் முழுவதையும் பெற வேண்டிய இடம் பழைய அடிமைச் சந்தை அருங்காட்சியகம் என்பது என் உறுதியான கருத்து. 1434இல் மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையிலுள்ள பொஜதோர் முனையைக் கடந்து ஆப்பிரிக்கக் கடல்வழியைத் திறந்த ஜில் எயானெஷ் இந்த ஊரைச் சேர்ந்தவர். அதற்குப் பத்தே ஆண்டுகளில், 1444 ஆகஸ்டில், ஆப்பிரிக்கர் 235 பேர் இங்கே கரையிறக்கப்பட்டுப் பங்கு பிரிக்கப்பட்டார்கள் என்றும், அக்கடற்பயணங்களை ஊக்குவித்த போர்ச்சுகல் இளவரசர் என்ரீக் குதிரைமீது அமர்ந்தபடி தமக்குரிய ஐந்தில் ஒரு பங்கைப் பெற்றார் என்றும் அக்கால வரலாற்றாசிரியர் சுராரா எழுதிவைத்திருக்கிறார். 2009இல் நிலத்தடி வாகன நிறுத்துமிடம் கட்டத் தோண்டியபோது, மதிலுக்கு வெளியே குப்பை கொட்டிவந்த நிலத்தில் ஆப்பிரிக்கர் 150க்கும் மேற்பட்டோரின் எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அருங்காட்சியகம் சிறியது, ஆனாலும் விவரப் பலகைகளை நின்று படியுங்கள். வெளியே வந்தால் எதிரிலுள்ள சதுக்கத்தில் அதே இளவரசரின் சிலை உயர்ந்து நிற்கிறது. கடற்பயணப் பெருமையை ஊரெங்கும் பறைசாற்றும் ஒரு நகரம், இந்தக் கொடுமைக்கும் ஒரு கட்டடத்தை ஒதுக்கியிருப்பதை மதிக்கிறேன்; என்றாலும், எலும்புகள் கிடைத்த இடத்துக்கு இன்னும் பெரிய மரியாதை செய்யப்பட்டிருக்க வேண்டும்.

சாந்த் அந்தோனியோ தேவாலயத்தின் உட்புறம் தங்கமுலாம் பூசிய மரச்செதுக்கு வேலையால் நிறைந்திருக்கிறது. 1755 நிலநடுக்கமும் கடற்பேரலையும் ஊரின் பெரும்பகுதியை அழித்தன என்பதை அறிந்துகொண்டு தெருக்களில் நடந்தால், மதில்களுக்கும் பிற்காலக் கட்டடங்களுக்கும் உள்ள வேறுபாடு விளங்கும். தங்குவதற்கு மதிலுக்குள் இருக்கும் பழைய நகரத்தையே பரிந்துரைப்பேன். கல் பாவிய சரிவான தெருக்களில் சக்கரப்பெட்டியை இழுப்பது கடினம் என்பதால், சுமை குறைவாக இருக்கட்டும்.

லிஸ்பனிலிருந்து ரயிலில் வருவோர் வழக்கமாகத் தூனெஷ் நிலையத்தில் இறங்கி வேறு ரயில் மாற வேண்டும். விமானத்தில் வருவோருக்கு ஃபாரோ நிலையம் அருகில். ஜூலை, ஆகஸ்டில் கூட்டமும் அறை வாடகையும் உச்சத்தில் இருக்கும். மே, ஜூன், செப்டம்பர் மாதங்கள் மேல்.

உணவகங்களில் கேட்காமலே மேசைக்கு வரும் ரொட்டியும் ஆலிவ் காய்களும் இலவசமல்ல. வேண்டாமென்றால் தொடாமல் திருப்பி அனுப்பிவிடலாம். செம்புப் பாத்திரத்தில் மூடி வேகவைக்கும் கத்தப்லானா என்ற மீன், சிப்பிக் கலவை இப்பகுதியின் சிறப்பு. அது பெரும்பாலும் இருவருக்கான அளவிலேயே பரிமாறப்படும். கீரை சேர்ந்த கால்தோ வெர்த் சூப்பில் பன்றி இறைச்சித் துண்டு இருப்பது வழக்கம் என்பதால், சைவ உணவினர் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். முட்டை உண்பவர்கள் மஞ்சள் கரு இழைகளும் பாதாமும் சர்க்கரைப் பாகும் சேர்த்து, பளபளக்கும் தாளில் சுற்றித் தரும் தொன் ரொத்ரிகோ இனிப்பைத் தவறவிடக் கூடாது.