நியமனக் கடிதம் கைக்கு வராமல் கொழும்புக்குப் பஸ் ஏறாதீர்கள்: மட்டக்களப்பு, அம்பாறை ஆங்கில ஆசிரியர்களுக்கு

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் உயர் தேசிய ஆங்கில டிப்ளோமாவை முடித்துவிட்டு அரச நியமனத்துக்குக் காத்திருக்கும் பலர் கொழும்பிலுள்ள சர்வதேசப் பாடசாலைகளுக்கு விண்ணப்பித்து வருகிறார்கள். அவர்களுள் ஒருவருக்காவது இது நேரத்தோடு கிடைக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். நானும் கோவில்குளத்தில் அந்த டிப்ளோமாவைப் படித்து முடித்து, அப்படியான ஒரு பாடசாலைக்குப் போய், ஏமாற்றப்பட்டுத் திரும்பியிருக்கிறேன்.

தொலைபேசியில் எனக்குச் சொல்லப்பட்டவை மூன்று: மாதச் சம்பளம் 75,000 ரூபாய், தங்குமிடம் பாடசாலையின் பொறுப்பு, ஆறாம் தரம் முதல் ஒன்பதாம் தரம் வரை ஆங்கிலம் மட்டுமே கற்பிக்க வேண்டும். இவற்றை எழுத்தில் அனுப்புமாறு கேட்டேன். “மிஸ், நீங்க முதல்ல வந்து சேருங்க, லெட்டர் எல்லாம் இங்க வந்த பிறகு தரலாம்” என்றார்கள். தவணை தொடங்கவிருந்தபடியால், கல்லடியில் நடத்திக்கொண்டிருந்த மாலை வகுப்பை நிறுத்திவிட்டுப் புறப்பட்டேன்.

போய்ச் சேர்ந்ததும் சரிபார்ப்பதற்கென்று மூலச் சான்றிதழ்களை வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டினார்கள். அதன் பிறகுதான் ஒப்பந்தம் மேசைக்கு வந்தது. அதில் அடிப்படைச் சம்பளம் 45,000 ரூபாய் என்றும், மீதி 30,000 ரூபாய் தகுதிகாண் காலம் முடிந்த பின்னர் நிர்வாகம் திருப்தி அடைந்தால் வழங்கப்படும் கொடுப்பனவு என்றும் இருந்தது. தங்குமிடத்துக்கு மாதம் 18,000 ரூபாய் கழிக்கப்படும் என்பது கடைசிப் பக்கத்தில் இருந்தது. ஒரு வருடத்துக்குள் விலகினால் மூன்று மாதச் சம்பளத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்பதும் அதே பக்கத்தில்தான். ஊரில் வகுப்பை மூடிவிட்டு, சான்றிதழ்களையும் கொடுத்துவிட்டு நிற்கும் ஒருவர் கையொப்பமிடாமல் திரும்புவது எவ்வளவு கடினம் என்பதை நன்கு அறிந்தே இந்த ஒழுங்கில் செய்கிறார்கள்.

தங்குமிடம் என்பது ஒரு வீட்டின் மேல்மாடியில் பலகைத் தட்டிகளால் பிரிக்கப்பட்ட அறைகள். ஓர் அறையில் மூன்று ஆசிரியைகள் இருந்தோம். சமைக்க அனுமதியில்லை, தண்ணீர் சுடவைக்கும் மின்கேத்தலைக்கூட மின்கட்டணத்தைக் காரணம் காட்டி எடுத்துச் சென்றார்கள். ஆகவே மூன்று வேளையும் கடைச் சாப்பாடு என்றாயிற்று.

மொழி ஆசிரியர்கள் எல்லோரும் போடும் கணக்கு ஒன்று உண்டு: சம்பளம் போதாவிட்டாலும் கொழும்பில் தனியார் வகுப்பு எடுத்துச் சமாளித்துவிடலாம் என்பது. ஆங்கிலத்துக்கு அங்கே கேள்வி அதிகம் என்பதும், ஒரு பிள்ளைக்கு ஒரு மணித்தியாலத்துக்குக் கிடைக்கும் தொகை இங்கு கிடைப்பதைவிடக் கூட என்பதும் உண்மைதான். ஆனால் அந்த ஒப்பந்தம் வெளியே வகுப்பு எடுப்பதை முற்றாகத் தடைசெய்திருந்தது. அது போதாதென்று, பாடசாலை உரிமையாளரே பணம் வாங்கி நடத்தும் பேச்சு ஆங்கில இணையவழி வகுப்பை மாலை நேரங்களில் ஊதியமில்லாமல் எடுக்க வைத்தார்கள். பகலில் ஆங்கிலத்தோடு இரண்டாம் மொழித் தமிழையும் என் நேரசூசியில் சேர்த்தார்கள். சிங்களம் பேசும் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பதை நான் மனமுவந்து செய்தேன்; ஆனால் அதற்குப் பாடநூலும் தரவில்லை, ஆயத்தம் செய்ய ஒரு பாடவேளையும் ஒதுக்கவில்லை. டிசம்பர் விடுமுறை வந்தபோது, படிப்பிக்காத மாதத்துக்குச் சம்பளம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அறைக்கான கழிவு மட்டும் நிற்கவில்லை. அடுத்த சம்பளத்தில் சேர்த்து எடுத்தார்கள்.

சம்பளச் சீட்டைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். அதில் ஊழியர் சேமலாப நிதிக்கென 8 சதவீதம், அதாவது 3,600 ரூபாய், மாதந்தோறும் கழிக்கப்பட்டிருந்தது. அறைக் காசும் போக என் கைக்கு வந்தது 23,400 ரூபாய். ஆனால் அங்கத்துவ இலக்கம் எழுத வேண்டிய கட்டம் எல்லாச் சீட்டுகளிலும் வெறுமையாகவே இருந்தது. கேட்டபோது, தகுதிகாண் காலத்தில் இலக்கம் எடுப்பதில்லை என்றார்கள். அது சட்டத்துக்கு முரணானது. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படி வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே, தகுதிகாண் காலத்திலும், ஊழியரின் 8 சதவீதத்தோடு தொழில்தருநர் தன் பங்கான 12 சதவீதத்தையும் செலுத்தியாக வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கான 3 சதவீதம் இதற்குப் புறம்பானது. அதை ஊழியரின் சம்பளத்திலிருந்து கழிக்கக் கூடாது. அங்கத்துவ இலக்கமே இல்லையென்றால், என் சம்பளத்தில் கழித்த காசு எந்தக் கணக்குக்கும் போகவில்லை என்பதே பொருள்.

சர்வதேசப் பாடசாலைகளில் பெரும்பாலானவை கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவுசெய்யப்பட்ட நிறுவனங்கள். ஆகவே சம்பளப் பிரச்சினைக்கு வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போய்ப் பயனில்லை; போக வேண்டிய இடம் தொழில் திணைக்களம்.

வெளியே அறை தேடியபோது வெள்ளவத்தையில் தரகர்கள் ஒரு மாத வாடகையைத் தரகாகவும், வீட்டுக்காரர்கள் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரையிலான வாடகையை முற்பணமாகவும் கேட்டார்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படாவிட்டால் சட்டத்தின் முன் செல்லாது. இது 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்திலிருந்தே உள்ள விதி. துண்டுக் கடதாசியில் கையொப்பம் வாங்கிக்கொண்டு இலட்சக்கணக்கில் முற்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

நான் விலகியபோது சான்றிதழ்களைத் தர மறுத்தார்கள். பொலிஸில் முறைப்பாடு செய்யப்போவதாக மாமா பதிவுத் தபாலில் அறிவித்த பிறகே திருப்பித் தந்தார்கள். எந்தப் பாடசாலைக்கும் உறுதிப்படுத்திய பிரதிகளையே கொடுங்கள். மூலத்தைக் காட்டிவிட்டு அங்கேயே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊருக்கு வந்ததும் மட்டக்களப்பிலுள்ள தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்தேன். அதற்குக் கட்டணம் இல்லை, சட்டத்தரணியும் தேவைப்படவில்லை. சம்பளச் சீட்டுகளையும், வங்கிக் கணக்குக்குப் பணம் வந்த பதிவுகளையும், வாட்ஸ்அப்பில் அவர்கள் அனுப்பிய நேரசூசியையும் பார்த்துவிட்டு, அவையே போதிய சான்று என்று உத்தியோகத்தர் ஏற்றுக்கொண்டார். விசாரணை இன்னும் முடியவில்லை.

இதற்கிடையில் அதே பாடசாலை அடுத்த தவணைக்கு ஆங்கில ஆசிரியைகள் தேவையென்று நம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் விளம்பரம் அனுப்பியிருக்கிறது. தங்குமிடம் இலவசம் என்றே அதிலும் இருக்கிறது. களுவாஞ்சிக்குடியிலிருந்தோ கல்முனையிலிருந்தோ அக்கரைப்பற்றிலிருந்தோ யாரேனும் அந்த வேலைக்குப் போக எண்ணியிருந்தால் எனக்குத் தனிப்பட எழுதுங்கள். என் ஒப்பந்தத்தையும் சம்பளச் சீட்டுகளையும் அனுப்பிவைக்கிறேன்.