முழுச் சுற்றா, முக்கால் சுற்றா?

போன ஆவணியில் குழித்துறையில் ஒரு கல்யாண வீடு. அடைப்பிரதமனில் பழத்தையும் பப்படத்தையும் நொறுக்கிப் போட்டுச் சாப்பிட்டு முடித்த அத்தான், கை கழுவப் போகிற வழியில் சத்தமாக ஒரு ஏப்பம் விட்டார். அக்கா முறைத்தாள். எனக்குப் பொறாமை. நான் ஏப்பம் விட்டுப் பதினோரு மாசம் ஆகியிருந்தது.

எனக்கும் அத்தானுக்கும் ஒரே வியாதி. வருஷக்கணக்கில் நெஞ்செரிச்சல், ராத்திரி படுத்தால் தொண்டை வரை ஏறும் புளித்தண்ணீர், காலையில் வெறும் வயிற்றில் அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோல் மாத்திரை. இரண்டு பேருக்குமே லேப்ராஸ்கோபி, அதாவது வயிற்றில் சின்னத் துளை போட்டுச் செய்யும் ஆபரேஷன். நான் மார்த்தாண்டம், அவர் கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலை. எனக்குப் போட்டது நிஸ்ஸன், அவருக்குப் போட்டது டூப்பே.

புளிப்பு மேலேறாமல் இருக்க, இரைப்பையின் மேல்பகுதியை இழுத்து, உணவுக்குழாயின் அடிப்பகுதியில் துண்டு மாதிரி சுற்றித் தைப்பதுதான் இரண்டும். நிஸ்ஸனில் முழுச் சுற்று, 360 டிகிரி. டூப்பேயில் பின்பக்கமாக 270 டிகிரி, முன்பக்கம் கொஞ்சம் திறந்திருக்கும். ருடால்ப் நிஸ்ஸன் இதை எழுதி வெளியிட்டது 1956-இல். எங்கள் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்ததும் அதே வருஷம்தான். (1948-இல் ஐன்ஸ்டீனின் வயிற்று ரத்தக்குழாய் வீக்கத்துக்கு ஆபரேஷன் செய்தவரும் இதே நிஸ்ஸன்.) டூப்பே வந்தது 1963-இல்.

மூக்கு வழியாகக் குழாய் விட்டு, மடக்கு மடக்காகத் தண்ணீர் குடிக்கச் சொல்லி ஒரு சோதனை செய்வார்கள், மேனோமெட்ரி. அதில் அத்தானின் உணவுக்குழாய் தள்ளும் பலம் குறைவு என்று வந்ததால் அவருக்கு முக்கால் சுற்று. என்னுடையது சரியாக இருந்தது. "முழுசாவே போட்டுடலாம்" என்றார்கள், தலையாட்டினேன். ஏப்பம் வருமா என்று அவர்களும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

முதல் வாரத்தில் எங்கள் இருவருக்கும் வித்தியாசம் ஒன்றும் இல்லை. வயிற்றுக்குள் ஏற்றிய வாயுவால் தோள்பட்டை வலி, தலைப்பக்கம் உயர்த்திய படுக்கை, பொடித்துக் கொடுத்த மாத்திரை. குமட்டல் வந்தால் உடனே மருந்து, ஓங்கரிக்கவே கூடாது. வண்டி பள்ளத்தில் இறங்கினால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் வாரத்திலிருந்துதான் பாதை பிரிகிறது. எனக்குக் கொடுத்துவிட்ட தாளில் சூப், ஜெல்லி, கஸ்டர்ட் என்று எழுதியிருந்தது. அம்மா வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். "மக்களே, இதெல்லாம் நமக்கு எதுக்கு?" என்று சம்பா அரிசிக் கஞ்சியை வடித்து, உப்புப் போட்டு வெள்ளத்தை மட்டும் தந்தாள். அடுத்து அதே கஞ்சி மிக்சியில் அடித்து வந்தது. பிறகு அவித்த ஏத்தம்பழம், நடு நாரை எடுத்துவிட்டு மசித்தது. பிறகு பாலில் ஊறிய இடியாப்பம், முள் எடுத்த மீன் அவியல். அத்தான் மூன்றாம் வாரமே இட்லி தின்றார். எனக்கு இட்லி இறங்கியது ஆறாம் வாரம்.

நடுவில் நாலாம் வாரம் ஒரு திருட்டுத்தனம். அடுக்களையில் ஆவி பறக்கும் புட்டு. நகத்தளவு ஒரு துண்டுதான் வாயில் போட்டேன். நெஞ்செலும்புக்குக் கீழே போய் நின்றுகொண்டது. மேலே தண்ணீர் குடித்தால் தண்ணீரும் நிற்கிறது. வாயில் நுரை நுரையாக உமிழ்நீர். வாந்தியும் வராது, இறங்கவும் செய்யாது. முற்றத்தில் முக்கால் மணி நேரம் நடந்த பிறகுதான் வழுக்கிக்கொண்டு இறங்கியது. சுற்று முழுசானால் வீக்கம் வடியும் வரை வாசல் அவ்வளவு குறுகல். புட்டு, ரொட்டி, புரோட்டா, மசித்த மரச்சீனி எல்லாம் இந்த வாசலில் மாட்டுகிற சாதி. எச்சில்கூட இறங்கவில்லை என்றால் நடந்து பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். மூன்று மாசம் தாண்டியும் சாப்பாடு மாட்டினால் எண்டோஸ்கோபி பார்த்து, தேவைப்பட்டால் விரித்துவிடுவார்கள்.

அடுத்தது வாயு. சுற்று இறுகியிருப்பதால் ஏப்பமாக வாயால் வெளியேற முடியாத காற்று எங்கே போகும்? கீழேதான். சாப்பிட்ட அரை மணியில் வயிறு மத்தளம், அப்புறம் சபையில் உட்கார முடியாது. அத்தானுக்கு இந்தத் தொல்லை பாதிகூட இல்லை. எங்கள் இருவர் கதை மட்டுமல்ல, இரண்டு சுற்றையும் ஒப்பிட்ட ஆய்வுகளிலும் சாப்பாடு மாட்டுவதும் வயிற்று உப்பசமும் முக்கால் சுற்றில் குறைவு, எரிச்சலை அடக்குவதில் பெரிய வித்தியாசம் இல்லை. சோடா சர்பத், ஸ்ட்ரா, சூயிங்கம், அவசரமாகப் பேசிக்கொண்டே தின்பது நாலையும் விட்ட பிறகுதான் எனக்குக் கொஞ்சம் அடங்கியது.

ஒரு விஷயத்தில் அத்தான் என்னைவிட மோசம். அவர் ரப்பர் வெட்டுகிறவர். ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது, ஐந்து கிலோ அரிசிப்பைகூட ஆகாது என்று சொல்லியும் நாலாம் வாரமே பால் வாளியைத் தூக்கிவிட்டார். முக்கி எழுந்தால் தையல் விட்டு, சுற்று மேலே நெஞ்சுக்குள் நழுவலாம். அதற்கு முழுசு, முக்கால் என்ற பேதம் கிடையாது. அக்கா வாளியைப் பத்தாயத்தில் வைத்துப் பூட்டினாள்.

மாத்திரையிலேயே இருந்திருக்கலாமே என்று கேட்கிறவர்களுக்கு: மாத்திரையையும் ஆபரேஷனையும் ஒப்பிட்டு 2011-இல் வெளியான லோட்டஸ் ஆய்வு, 554 பேர். ஐந்து வருஷம் கழித்து நோய் அடங்கியிருந்தவர்கள் மாத்திரையில் 92 சதவீதம், ஆபரேஷனில் 85. ஆனால் புளிப்பு மேலேறுவது மாத்திரைக்காரர்களில் 13 சதவீதம், ஆபரேஷன்காரர்களில் 2. வாயுத் தொல்லை முறையே 40, 57. அந்த 57-இல் நானும் ஒருவன் என்று வைத்துக்கொள்ளலாம். எனக்கு எரிச்சலைவிட ராத்திரி மூச்சுக்குள் ஏறிய புளிதான் பயம். அதனால் ஆபரேஷன் செய்ததில் வருத்தமில்லை. சுற்றைப் பற்றித்தான் வருத்தம். திரும்பக் கேட்டால், மேனோமெட்ரி நன்றாக இருந்தாலும் முக்கால் சுற்றே போதும் என்பேன்.

போன வாரம் களியக்காவிளை பஸ்ஸில் எனக்கும் ஒரு சின்ன ஏப்பம் வந்தது. பக்கத்து சீட்டுக்காரர் திரும்பக்கூட இல்லை. இறங்கினதும் அத்தானுக்குப் போன் போட்டேன்.

"புளிச்சுதா?" என்றார்.

"இல்லை அத்தான்."

"அப்போ சரி."