8.5 போட்ட கார்டை மறுபடி அனுப்புவதா?

2024 நவம்பர் 2 இரவு. ரொறன்ரோவில் ராப்டர்ஸ் கூடைப்பந்து அணியின் பழைய வீரர் வின்ஸ் கார்ட்டரைக் கௌரவிக்க அவரின் 15ஆம் இலக்கச் சட்டையைக் கூரைக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துச் சினேகிதனின் தகவல்: "மச்சான், உன்ர கார்டை உடைச்சு பி.எஸ்.ஏ.க்கு அனுப்பன். 9 கட்டாயம் வரும்." பி.எஸ்.ஏ. என்பது கார்டின் நிலையைப் பார்த்துப் பத்துக்கு இத்தனை என்று எண் போடும் நிறுவனம். உடைக்கச் சொன்னது கார்டை அல்ல, முன்பே 8.5 என்று எண் போட்டு மூடிவந்த பிளாஸ்டிக் கூட்டை, அதாவது ஸ்லாப்பை.

கார்டு, கார்ட்டரின் படம் போட்ட 1998-99 டாப்ஸ் குரோம் (முன்பக்கம் தகடு மாதிரி மின்னும் வகை), இலக்கம் 199. ஸ்காபரோவில் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் வாங்கின பாக்கெட்டில் வந்தது. 2005இல் கார்ட்டர் வேறு அணிக்குப் போய், நெட்ஸ் சட்டையோடு திரும்பி வந்தபோது அரங்கே கோபத்தில் கூச்சலிட்டது. வீட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் நானும் கத்தினேன். கார்டை மட்டும் எறிய மனம் வரவில்லை.

ஆறு வருடத்துக்கு முன் இப்படி எண் போடும் வேறொரு கிரேடிங் நிறுவனத்துக்கு அனுப்பினேன். பெயர் வேண்டாம். 9 என்று நினைத்திருந்தேன், 8.5 வந்தது. என்ன குறை கண்டார்கள் என்று ஒரு சொல் கிடையாது.

ஸ்லாப்பைக் குறை சொல்ல மாட்டேன். குரோம் கார்டில் முன்பக்கத் தகடு ஈரத்தை உறிஞ்சாது, பின்பக்க மட்டை உறிஞ்சும், காய்ந்தால் சுருங்கும். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் எங்கள் வீட்டில் வெளியே கிடந்த மற்றக் குரோம் கார்டுகள் பொரித்த அப்பளம் மாதிரி வளைந்துவிட்டன. இது ஒன்றுதான் நேராக நிற்கிறது.

எரிச்சல் வேறு இடத்தில். விளக்கின் கீழ் சரித்தால் முகத்துக்குப் பக்கத்தில் தலைமயிர் மாதிரி ஒரு கோடு. ஆறு வருடமும் அது பிளாஸ்டிக்கில் விழுந்த கீறல் என்றே சாதித்துவந்தேன். சினேகிதன் கேட்ட அடுத்த நாள் பிளாஸ்டிக் பொலிஷ் வாங்கித் தேய்த்தேன். கோடு போகவில்லை. பிறகுதான் கைபேசி விளக்கைப் பிடித்து ஸ்லாப்பை மெல்ல ஆட்டிப் பார்த்தேன். உறையில் கீறல் இருந்தால் ஆட்டும்போது படத்தின் மேல் நகரும். இது படத்தோடு ஒட்டியே நின்றது. கார்டில்தான். சின்ன வயதில் மெல்லிய உறை போடாமல் நேரே டாப்லோடர் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் உறைக்குள் செருகி எடுத்த என் கைவேலை. அந்த நிறுவனம் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. அதையாவது ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தால் இத்தனை வருடம் திட்டியிருக்க மாட்டேனே!

உடைப்பது பைத்தியக்காரத்தனம். குறடு வழுக்கினால் மூலை போச்சு. உடைத்த கணமே 8.5 இல்லை, பிறகு 8 வந்தாலும் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். ஓரம் வெட்டப்பட்டிருக்கிறது என்று சந்தேகித்தால் எண்ணே இல்லாமல் திருப்பி அனுப்புவார்கள். 'கிராஸ்ஓவர்' அதைவிடப் புத்தி: ஸ்லாப்போடு அனுப்பி, இதற்குக் கீழே என்றால் தொடாதே என்று குறைந்தபட்ச எண்ணைக் குறித்துக் கொடுக்கலாம். எண் வராவிட்டால் பழைய கூட்டிலேயே திரும்பி வரும். கட்டணம் மட்டும் திரும்பி வராது. எல்லை தாண்டிப் போய்வரும் தபாலும் காப்புறுதியும் அதன் மேல். 8.5க்கும் 9க்கும் உள்ள விலை வித்தியாசம் இதற்கே சரியாகிவிடும், நான் விற்பதும் இல்லை.

ஆகவே சினேகிதனுக்கு எழுதினேன்: "அனுப்பமாட்டன் மச்சான், காசுக்குக் கேடு. 8.5 நியாயமான எண்."

போன கிழமை ஸ்லாப்பைத் துடைத்து அலுமாரிக்குள் வைக்கப் போனேன். அந்த 8.5 மறுபடி கண்ணில் பட்டது. இரவு பதினொரு மணிக்கு கிராஸ்ஓவர் படிவத்தைத் திறந்து, குறைந்தபட்ச எண் கேட்ட கட்டத்தில் 9 என்று போட்டுவிட்டேன்.