வீட்டை விற்பனைக்குத் தயார் செய்து தரும் சேவை: ஐந்துக்கு மூன்றரை

பாதி சாமானை வெளியே எடுக்கச் சொன்னபோது சுருக்கென்றது. ஆனால் சோபாவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டதுமே கூடம் அகலமாகத் தெரிந்தது. அறைக்கொரு நிறமாக எரிந்த பல்புகளைக் கழற்றி, எல்லாவற்றையும் 3000 கெல்வின் இளமஞ்சளுக்கு மாற்றினார்கள். சுவரின் மங்கல் பாதி அதிலேயே போச்சு!

கோபம் எங்கே என்றால், குளியலறையில் ஓதம் பிடித்த இடத்தில் கசிவைப் பார்க்காமல் மேலாக பெயின்ட் அடித்துவிட்டார்கள். சீக்கிரமே கொப்புளம் கிளம்பியது. வாங்க வந்தவர் நேரே அங்கேதான் விரலை வைத்து அழுத்தினார். விற்பனைக்காக வீட்டை எடுத்த படங்களும் அகல லென்ஸில். சின்ன படுக்கையறை கல்யாண மண்டபம் மாதிரி இருக்கிறது, நேரில் வருபவர் முகம் சுருங்காதா?

சாமான் ஒதுக்க, வெளிச்சம் சரிசெய்ய இவர்களைக் கூப்பிடலாம். கசிவுக்கு முதலில் பிளம்பரைப் பிடியுங்கள்.