முகமா, முடியா: பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் எதை வைத்துக்கொண்டார்கள்?

18, 19ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பிள்ளையைப் பறிகொடுத்த வசதியான வீட்டாருக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஓவியரை வரவழைத்து உள்ளங்கைக்குள் அடங்கும் சிற்றோவியம் வரையச் சொல்லலாம். இல்லையென்றால் புதைப்பதற்கு முன் ஒரு கற்றை முடியை வெட்டி, லாக்கெட்டிலோ மோதிரத்திலோ கண்ணாடிக்கு அடியில் பதித்துக்கொள்ளலாம். என் ஓட்டு முடிக்குத்தான், ஆனால் முழுமனதாக இல்லை.

சிற்றோவியத்தின் அழகை மறுக்க முடியாது. தந்தத்தை மெல்லிய தகடாகச் சீவி, வழவழப்பு போகத் தேய்த்து, அதன்மேல் நீர்வண்ணத்தில் வரைவார்கள். வெனிஸ் நகரத்து ரோசால்பா கரியேரா 1700 வாக்கில் தொடங்கிவைத்த முறை இது. வண்ணத்துக்கு அடியிலிருந்து தந்தத்தின் வெண்மை எட்டிப்பார்ப்பதால் கன்னத்துக்கு உயிருள்ள தோலின் மினுமினுப்பு வந்துவிடும்.

சிக்கல் வேறிடத்தில். பெரியவர் என்றால் வாழ்ந்த காலத்தில் எப்போதாவது ஓவியர் முன் உட்கார்ந்திருப்பார். எட்டு மாதக் குழந்தையை யார் உட்காரவைத்திருப்பார்கள்? மூச்சு நின்ற பிறகுதான் பலரும் ஆள் அனுப்பினார்கள். மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஜோசப் வைட்டிங் ஸ்டாக் (1815–1855), தான் வரைந்தவற்றைக் குறித்துவைத்த நாட்குறிப்பில், சடலத்தைப் பார்த்து வரைந்த படங்களும் இருக்கின்றன. மூடிய இமையைத் திறந்து காட்டவேண்டும். உள்ளே இருந்த விழியின் நிறம் வீட்டார் சொன்னால்தான் தெரியும். வெளுத்த கன்னத்துக்குச் சிவப்பை ஏற்றுவது ஓவியரின் கைப்பழக்கம். ஒரே ஓவியர் வரைந்த குழந்தைகள் உடன்பிறந்தவை போலத் தெரிவதில் வியப்பென்ன?

முடியில் இந்தப் பாவனை இல்லை, அது அந்தக் குழந்தையேதான். கெட்டியும்கூட. ஈரம் ஏறி இறங்கினால் தந்தம் வளையும், வெளிச்சம் பட்டால் நீர்வண்ணம் வெளுக்கும். முடி அவ்வளவு எளிதில் கெடாது. பூச்சி அண்டாமல் இருந்தால் போதும். ஆனால் குழந்தை முடியில் பெரிய வேலைப்பாடு செய்ய முடியாது. வட்ட மேசையைச் சுற்றி ஈயக்குண்டு கட்டிய இழைகளைத் தொங்கவிட்டுச் சங்கிலியாகப் பின்ன நீள முடி வேண்டும். பிறந்த முடியை ஒரு சுருளாகப் பொன்னிழையில் கட்டிவைக்கலாம். அல்லது பொடியாக நறுக்கிப் பிசினில் குழைத்து, தந்தத்தின்மேல் கல்லறையும் அதன்மேல் கவிந்த வில்லோ மரமுமாக வரையலாம். அங்கே இரண்டு கலையும் ஒன்றாகிவிடுகின்றன.

கடையில் கொடுத்த முடிதான் திரும்பி வருகிறதா என்ற சந்தேகம் வேறு. 1867இல் அமெரிக்காவில் முடிவேலைக் கையேடு வெளியிட்ட மார்க் கேம்ப்பெல், வீட்டிலேயே செய்தால் இறந்தவரின் முடிதான் என்ற நிம்மதி கிடைக்கும் என்பதையே ஒரு சாதகமாக முன்வைத்தார். பாவம், அழுதுகொண்டே கடைக்காரர்மீதும் ஒரு கண் வைத்திருக்கவேண்டிய நிலை.

முடிக்கு என் ஓட்டு விழக் காரணம் விக்டோரியா அரசியின் கைச்சங்கிலி. 1840இல் மூத்த மகள் பிறந்தபோது கணவர் ஆல்பர்ட் கொடுத்தது. பிள்ளைகள் பிறக்கப் பிறக்க ஒவ்வொருவர் முடியோடும் ஒரு எனாமல் இதயம் சேர்ந்து ஒன்பதானது. 1878இல் மகள் ஆலிஸ் போனார், 1884இல் மகன் லியோபோல்ட். சங்கிலியில் எதையும் மாற்றவேண்டியிருக்கவில்லை. மகிழ்ச்சிக்கு வாங்கிய நகையே துக்க நகையாகிவிட்டது.

ஆனால் அம்மா போன பிறகு? பெயர் பொறிக்காத முடி பேரப்பிள்ளைக்கு வெறும் முடி. மணமாகாதவர்க்கும் குழந்தைகளுக்கும் உரிய வெள்ளை எனாமல் விளிம்பைப் பார்த்து, சின்னப் பிள்ளையாக இருக்கலாம் என்று ஊகிக்கலாம், அவ்வளவே. முகமோ பெயர் தொலைந்தாலும் முகமாகவே இருக்கும். இதைத் தெரிந்தவர்கள் முன்பக்கம் முகம், பின்பக்கம் முடி என்று ஒரே லாக்கெட்டில் வைத்துக்கொண்டார்கள்.

1839இல் டாகுரோடைப் புகைப்படம் வந்ததும் சிற்றோவியக்காரர்களின் பிழைப்பு சரிந்தது. முடி மட்டும் இடம் மாறி, அந்தப் புகைப்படப் பெட்டிக்குள் வெல்வெட்டை ஒட்டிப் போய் உட்கார்ந்துகொண்டது.