பாமசியில் விற்கும் 'உள் கழுவும்' பெட்டி: காசு கொடுத்து எரிச்சல் வாங்க வேண்டாம்

பெண்ணுறுப்பை உள்ளே கழுவ என்று விற்கும் பெட்டி, மதினி ஹட்டன் டவுனில் ஒரு பாமசியில் வாங்கி வந்தது இது. பெயரை நான் இங்கே போடவில்லை, இதே சாமான் வேறு வேறு பெயர்களில் கிடைக்கிறது. பெட்டிக்குள் கைக்குள் அடங்கும் ரப்பர் குமிழ் ஒன்று, விரலைவிடக் கொஞ்சம் நீளமான வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய், அதன் நுனியைச் சுற்றிப் பொடி ஓட்டைகள், ரோஜா வாசனைத் தூள் பக்கெட்டுகள். தூளை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரைத்து, குழாயை உள்ளே விட்டுக் குமிழை அமுக்க வேண்டும். விளக்கத் தாள் முழுக்க இங்கிலீசு. கொழுந்து பறிக்கிற ஒரு பெண் அதில் என்னத்தை வாசிப்பார்?

அவர் ஏன் வாங்கினார் என்பது எனக்கு நன்றாகவே விளங்குகிறது. மழையில் படங்கு கட்டிக்கொண்டு பொழுதுக்கும் மலையில் நிற்கிறார்கள். பக்கத்தில் கக்கூஸ் இல்லை. மாதவிடாய் நாளில் துணி மாற்ற லயத்துக்குத்தான் ஓடி வரவேண்டும். வாடை அடிக்குமோ என்ற பயம் யாருக்குத்தான் இல்லை?

பாவித்த பிறகு எரிச்சல். அப்புறம் மீன் கவிச்சி போல வாடை, முன்பு இல்லாத அளவுக்கு வெள்ளைப்படுதல். வாடையைப் போக்க இன்னொரு பக்கெட்டைக் கரைத்தார். அது இன்னும் கூடியது.

தோட்டத்து மிட்வைப் மிஸ் கேட்டதும் தலையில் கை வைத்தார். "உள்ளுக்குக் கழுவ ஒன்னுமே இல்ல தங்கச்சி, அது தன்னைத் தானே சுத்தம் பண்ணிக்கும்" என்றார். உள்ளே லக்டோபசிலஸ் என்ற நல்ல கிருமி லக்டிக் அமிலம் சுரக்கிறது. அதனால் அங்கே பிஎச் அளவு (புளிப்பைக் காட்டும் அளவு) 3.8 முதல் 4.5 வரை இருக்கும், கெட்ட கிருமி பெருகாது. கழுவினால் நல்லதுதான் முதலில் போகும். மதினிக்கு வந்தது பக்டீரியல் வஜினோசிஸ், அதாவது நல்ல கிருமி குறைந்து கெட்ட கிருமி பெருகும் நோய். ஆஸ்பத்திரி மாத்திரையில் சரியாகிவிட்டது. கெட்ட கிருமி கருப்பைக்கும் கருக்குழாய்க்கும் ஏறினால் பிள்ளை தங்குவதே கஷ்டமாகலாம், கரு அந்தக் குழாயிலேயே தங்கும் ஆபத்தும் கூடும். டெட்டால், உப்புத் தண்ணி, வினாகிரி எதை உள்ளே விட்டாலும் இதே கேடுதான். கர்ப்பிணிகள் தொடவே கூடாது. உறவுக்குப் பிறகு கழுவினால் கரு தங்காது என்பதும் பொய்.

வெளிப்புறத்தை மட்டும் வெறும் தண்ணீரால், முன்னிருந்து பின்னாகக் கழுவினால் போதும். வாடையில்லாத வெள்ளை கொஞ்சம் படுவது இயல்பு. வாடை, அரிப்பு, நிறமாற்றம் இருந்தால் மருந்து தேவை, வாசனைத் தூள் அல்ல.

அந்தக் காசை பஸ்ஸுக்கு வைத்துக்கொண்டு எம்ஓஎச் (சுகாதார மருத்துவ அதிகாரி) அலுவலகத்தின் வெல் வுமன் கிளினிக்குக்கு, அதாவது பெண்களுக்கான பரிசோதனை கிளினிக்குக்குப் போங்கள். 1996இல் தொடங்கிய அரச சேவை, இலவசம். 35 வயதானவர்கள் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ச் சோதனையைக் கட்டாயம் செய்துகொள்ளுங்கள். எந்த நாள் என்று மிட்வைப்பிடம் கேட்டால் சொல்வார். சோதனைக்கு முந்தின 2 நாளும் உள்ளே எதையும் விட வேண்டாம், சோதனை முடிவு பிழைத்துவிடும்.