சாக்ரடா ஃபமிலியா: எந்தக் கோபுரத்துக்கு டிக்கெட் எடுப்பது?

பார்சிலோனாவில் 1882இல் கட்டத் தொடங்கிய இந்தப் பெரிய தேவாலயத்துக்கு (பசிலிக்கா) டிக்கெட் பதிவு செய்யும்போது ஒரு கேள்வி வரும்: இயேசுவின் பிறப்பைச் சொல்லும் பிறப்பு முகப்புக் கோபுரமா, அவர் சிலுவையில் பட்ட துன்பங்களைச் சொல்லும் பாடுகள் முகப்புக் கோபுரமா? ஒரு டிக்கெட்டில் ஒன்றுக்குத்தான் ஏற முடியும். விலையில் வித்தியாசம் இல்லை. இரண்டிலும் லிஃப்டில் ஏற்றிவிட்டு, குறுகலான சுழல் படிக்கட்டில் இறங்கி வரச் சொல்வார்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இரண்டுமே வேண்டாம்.

நாங்கள் எடுத்தது பிறப்பு முகப்பு. பாடுகள் பக்கத்தைக் கீழிருந்துதான் பார்த்தேன். அதன் மேலே இருந்து தெரிவதைப் பற்றி எழுதுவது, ஏறியவர்கள் சொன்னதை வைத்துத்தான்.

பலரும் காட்சியை வைத்தே முடிவு செய்கிறார்கள். பிறப்புப் பக்கம் நகரின் கிழக்கைப் பார்க்கிறது. பாடுகள் பக்கம் நகர மையத்தையும் மொன்ஜூயிக் குன்றையும் பார்க்கிறது. காட்சி மட்டும் என்றால் பாடுகள் பக்கமே மேல் என்கிறார்கள், இருக்கலாம். ஆனால் ஊரைப் பார்க்க மொன்ஜூயிக் குன்றிலேயே காசில்லாமல் ஏறி நிற்கலாமே! இங்கே காசு கொடுத்து ஏறுவது தூரத்தில் இருப்பதைப் பார்க்க அல்ல, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் கல்லைப் பார்க்க. அதில் பிறப்பு முகப்புக்கு ஈடில்லை.

காரணம், இந்த ஆலயத்தை வடிவமைத்த கட்டடக் கலைஞர் கௌடி தன் கண்முன்னே எழுப்பிய முகப்பு இது ஒன்றுதான். முழு ஆலயத்தையும் தன் ஆயுளில் முடிக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். அதனால் எல்லாப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தாமல், ஒரு முகப்பை மட்டும் மேலே கொண்டுபோனார். அடுத்த தலைமுறைக்குப் பாதியில் கைவிட மனம் வராதபடி ஏதாவது நின்றாக வேண்டும் என்பது கணக்கு. எலும்புக்கூடு போன்ற பாடுகள் முகப்பில் தொடங்கியிருந்தால் மக்கள் மிரண்டிருப்பார்கள் என்றும் அவர் நினைத்தார். நான்கு கோபுரங்களில் பர்னபா கோபுரம் மட்டும் 1925இல் முடிந்தது. மறு ஆண்டு டிராம் மோதி இறந்துபோனார்.

மேலே கோபுரங்களுக்கு இடையே ஒரு சின்னப் பாலம் இருக்கிறது. கீழிருந்து பொம்மை மாதிரி தெரியும் பச்சை சைப்ரஸ் மரமும் அதன் வெள்ளைப் புறாக்களும் அங்கே பக்கத்திலேயே. அப்புறம், திரும்பி ஆலயத்தின் நடுவைப் பாருங்கள். கௌடி காலத்துக் கல் கறுத்துக் கிடக்க, எதிரே மாதா கோபுரமும் இயேசு கோபுரமும் புதுக் கல்லில் வெளிறி நிற்கின்றன. பழைய கல் மொன்ஜூயிக் குன்றில் வெட்டியது. அங்கே குவாரி மூடிவிட்டதால் புதிய கல் வெளிநாடுகளிலிருந்தும் வருகிறது. நூறு வருட இடைவெளியை ஒரே பார்வையில் பார்க்க எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல இடம் இல்லை. முகப்புக்குள்ளேயும் தலைமுறைகள் கலந்திருக்கின்றன: இசைக்கும் தேவதைச் சிலைகள் ஜப்பானியச் சிற்பி எட்சுரோ சோட்டோ செதுக்கியவை.

பாடுகள் முகப்பை மட்டம் தட்டவில்லை. 1987 முதல் சிற்பி சுபிராக்ஸ் செதுக்கிய கூர்முனை உருவங்களைச் சிலர் இன்றும் திட்டுகிறார்கள்; எனக்குப் பிடித்திருந்தது. நேராகவோ, மேலிருந்து கீழாகவோ, மூலைக்கு மூலையாகவோ கூட்டினாலும் 33 வரும் எண்கட்டமும் அங்கேதான். ஆனால் அவற்றில் பெரும்பாலானதைத் தரையில் நின்றே பார்த்துவிடலாம். மேலே ஏறினால் கூடுதலாகக் கிடைப்பது, கோபுரங்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் விண்ணேறும் இயேசுவின் வெண்கலச் சிலை.

பிறப்புப் பக்கம் என்றால் காலை நேரமே எடுங்கள், வெயில் முகப்பின் மேலேயே விழும். காற்றோ மழையோ பலமாக இருந்தால் கோபுரத்தை மூடிவிடுவார்கள். அந்தப் பகுதிக்கான பணம் திரும்ப வரும். காலை டிக்கெட் தீர்ந்துபோனால் சரி, பாடுகள் பக்கமே எடுங்கள், ஆனால் மாலையில். அந்த நேரத்தில் மேற்குச் சன்னல்களின் சிவப்பும் ஆரஞ்சும் உள்ளே தூண்களில் படிந்திருக்கும். கோபுரம் ஏமாற்றினாலும் அது ஏமாற்றாது.